திறக்கத் தெரிந்தவர் யார்?

திருச்சி, ஸ்ரீரங்கம் வீட்டு பீரோக்களில் இப்போது பத்திரங்களோடு ஒரு ஹார்டு டிஸ்க்கும் இருக்கிறது. பட்டா நகல், வங்கி விவரம், அமெரிக்கப் பேரனின் படங்கள் எல்லாம் அதற்குள். அதைப் பூட்டித் தரும் கம்ப்யூட்டர் சர்வீஸ்காரர், தொழில் தெரிந்தவராக இருந்தால், முதலில் கேட்பது இதைத்தான்: "பாஸ்வேர்டு உங்களைத் தவிர வேறு யாருக்குத் தெரியும் சார்?"

யாருக்கும் தெரியக் கூடாது என்றுதானே பூட்டுகிறோம் என்பார் வந்தவர். சிக்கலே அங்குதான்.

டிஸ்க்கைப் பூட்டும் வெராகிரிப்ட் மென்பொருளில் பாஸ்வேர்டு மறந்தால் மறந்ததுதான். மீட்டுத் தர ஆளில்லை. கோப்புகளைப் பூட்டும் உண்மையான சாவி, ஹெடர் என்னும் சிறு பகுதிக்குள் இருக்கிறது. நாம் தட்டும் பாஸ்வேர்டு அந்த ஹெடரைத்தான் திறக்கிறது. ஹெடர் கெட்டுப்போனால் பாஸ்வேர்டு நினைவிருந்தும் பயனில்லாமல் போகலாம். ஆகவே ஹெடருக்குத் தனி நகல் எடுத்து ஒரு பென் டிரைவில் வைப்பார்கள். ஒன்று கவனிக்க வேண்டும்: பின்னால் பாஸ்வேர்டை மாற்றினாலும், அந்தப் பழைய நகல் பழைய பாஸ்வேர்டுக்குத் திறக்கும்.

முழு டிஸ்க்கையும் பூட்டினால் இன்னொரு வம்பு. செருகியதும் விண்டோஸ், "ஃபார்மட் செய்யவா?" என்று கேட்கும். வீட்டில் யாராவது 'சரி' தட்டினால் கதை முடிந்தது. வீட்டுத் தேவைக்கு, மற்றக் கோப்புகளை உள்ளே வைத்துப் பூட்டும் கன்டெய்னர் கோப்பு ஒன்றே போதும். அதன் நகல் இன்னொரு டிஸ்க்கில் இருக்கட்டும்.

மென்பொருளும் நிரந்தரமில்லை. ட்ரூகிரிப்ட் 2014 மே மாதம் நின்றுபோனது. அதில் பூட்டியவற்றை வெராகிரிப்ட் சில காலம் திறந்தது, 1.26 பதிப்பிலிருந்து அதுவும் இல்லை.

திறக்கத் தெரிந்த இன்னொருவர் ஏன் வேண்டும் என்று ஸ்ரீரங்கத்துக்காரருக்கு விளக்கக் கோயில் வரலாறே போதும். 1323-இல் டெல்லிப் படை வந்தபோது மூலவர் சந்நிதியைக் கல்சுவரால் மறைத்துவிட்டு, உற்சவரை வைணவ ஆசாரியர் பிள்ளை லோகாசாரியார் குழுவினர் வெளியே கொண்டுபோனார்கள். உற்சவர் திரும்பியது 1371-இல். அதற்குள் இங்கே வேறொரு திருமேனி வழிபாட்டில் இருந்தது. எது பழையது என்று சொல்லத் தெரிந்தவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கோயில் துணி வெளுத்த, பார்வையிழந்த முதியவர் ஒருவர், திருமஞ்சனம் செய்த ஈர ஆடையின் தீர்த்தத்தை வைத்து அடையாளம் சொன்னார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அந்த ஒருவரும் இல்லாதிருந்தால்?

அப்படி ஆகிவிடக் கூடாதென்று, விண்டோஸின் பூட்டான பிட்லாக்கர் தரும் 48 இலக்க மீட்புச் சாவியை அச்சடித்து, டிஸ்க் இருக்கும் பையிலேயே செருகிவைப்பவர்கள் உண்டு. அது பூட்டாததற்குச் சமம். தாளை உறையிலிட்டு, நம்பிக்கையான இன்னொருவர் வீட்டில் வையுங்கள். ஆண்டுக்கொரு முறை, உங்கள் நினைவை நம்பாமல், அந்தத் தாளைப் பார்த்தே வீட்டிலுள்ள வேறொருவரைத் திறக்கச் சொல்லுங்கள்.