தலைநகரின் தெருக்களில் நடந்தோம்

வருசநாட்டு மலைகளில் பிறந்து, மயிலாடும்பாறையைத் தொட்டுக்கொண்டு ஓடும் வைகை, மதுரைக்குத்தான் போய்ச் சேர்கிறது. ஆற்றைப் போலவே நம் மக்களும் தலைமுறை தலைமுறையாக மதுரையை நோக்கியே சென்று வந்துள்ளனர். 1996-ஆம் ஆண்டில் தேனி தனி மாவட்டமாகும் வரை, கலெக்டரைக் காண வேண்டுமாயினும் மதுரைக்கே போக வேண்டும். ஆயினும் மருத்துவமனைக்கும் ஜவுளிக்கடைக்கும் சென்ற கால்கள் அந்நகரைத் தலைநகராகக் கண்டு நடந்ததில்லை. பங்கிலுள்ள சில குடும்பங்கள் ஒன்று கூடி, பெரியோரும் சிறுவருமாக நாற்பது பேர் இக்குறையைத் தீர்க்கப் புறப்பட்டோம். வழிகாட்டியாக வந்தவர் ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர். அவர் விதித்த நிபந்தனை ஒன்றே: நகருக்குள் வண்டி கிடையாது, நடக்க வேண்டும்.

விடியற்காலையில் கிளம்பிய பேருந்து கண்டமனூரைக் கடக்கும்போதே ஆசிரியர் பாடத்தைத் தொடங்கிவிட்டார். விசுவநாத நாயக்கர் காலத்தில் நாடு 72 பாளையங்களாகப் பிரிக்கப்பட்டது. மதுரைக் கோட்டையின் 72 கொத்தளங்களையும் பாளையத்துக்கு ஒன்றாகக் காவல் காக்கும் பொறுப்பு அவற்றிற்கு இருந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. கண்டமனூரும் அத்தகைய பாளையமாக இருந்து, பின்னர் ஜமீனாகி, 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன் முறை ஒழிந்தபோது முடிவுக்கு வந்தது. "அப்படியானால் நம்ம பக்கத்து ஆட்களும் மதுரைக் கோட்டைக்குக் காவல் நின்றிருப்பார்களா, ஐயா?" என்று ஒரு சிறுவன் கேட்டான். "காவல் நின்றிருப்பார்கள், கல்லும் சுமந்திருப்பார்கள்" என்றார் ஆசிரியர்.

ஆண்டிபட்டி, உசிலம்பட்டி வழியாக மதுரையின் மேற்கு எல்லையை அடைந்ததும் சம்மட்டிபுரத்தைக் கடந்தோம். ஆங்கிலேயரிடம் படைத்தலைவராக இருந்து மதுரையை ஆண்டு, பிறகு அவர்களையே எதிர்த்து நின்ற யூசுப்கான் 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிடப்பட்டது இப்பகுதியில்தான். அவருடைய அடக்கத்தலம் இங்கே பள்ளிவாசலாக உள்ளது. சொந்த ஆட்களே அவரைக் காட்டிக் கொடுத்தனர்.

பெரியார் பேருந்து நிலையத்தருகே நடை தொடங்கியது. சந்தடிக்கு நடுவே கோட்டைச் சுவரின் ஒரு துண்டு நிற்கிறது. மற்றவை எங்கே போயின? 1834 முதல் 1847 வரை கலெக்டராக இருந்த பிளாக்பர்ன், நெருக்கடியில் திணறிய நகரை விரிவாக்குவதற்காகக் கோட்டையை இடிக்கவும் அகழியைத் தூர்க்கவும் ஏற்பாடு செய்தார். இடித்துச் சமன் செய்தவர்களுக்கு அந்த இடமே வழங்கப்பட்டதாம். வெளி வீதிகள் அங்கே தோன்றின. அப்பணியில் உழைத்த நில அளவையாளரும் மேஸ்திரியும் மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்னும் பெயர்களில் இன்றும் வாழ்கின்றனர். கோட்டை கட்டிய கொத்தனார் எவர் பெயரும் நமக்குக் கிட்டவில்லை. இடித்த மேஸ்திரியின் பெயர் கிட்டியுள்ளது!

அங்கிருந்து மேலமாசி வீதிக்குள் நுழைந்தோம். 251-ஏ என்னும் எண்ணுள்ள மாடிவீட்டில் கதர் அங்காடி உள்ளது. 1921 செப்டம்பர் 22 அன்று காந்தியடிகள் இவ்வீட்டில்தான் சட்டையையும் தொப்பியையும் துறந்து அரையாடையை ஏற்றார். சென்னையிலிருந்து வரும் வழியில் இரயிலில் கண்ட மக்களிடம் கதர் உடுத்துமாறு அவர் சொன்னபோது, கதர் வாங்கும் அளவுக்குத் தங்களிடம் பணமில்லை என்று அவர்கள் பதிலளித்தனர். அந்த மறுமொழி அவரை உறங்கவிடவில்லை. மன்னர்கள் உடுத்திப் பார்த்த ஊரில் ஒருவர் உடையைக் களைந்து அரசியல் செய்தார். எங்களோடு வந்த முதியவள் ஒருத்தி, "அப்பத்தா, மேலே போய்ப் பாருங்கள்" என்று பேத்தி அழைத்தும் போகாமல், வாசற்படியிலேயே சிறிது நேரம் அமர்ந்துவிட்டாள். ஏனென்று நாங்கள் கேட்கவில்லை.

மீனாட்சியம்மன் கோவிலின் மதிலோரம் நடந்தபோது ஆசிரியரின் குரல் மாறியது. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கனும் அவரோடு சிலரும் இக்கோவிலுக்குள் சென்றனர். அதுவரை ஒடுக்கப்பட்ட மக்களும் நாடார்களும் உள்ளே வரக் கூடாது. எதிர்ப்புக் கடுமையாக இருந்தது. அதே ஆண்டில் இராஜாஜி அரசு கோவில் நுழைவுக்குப் பாதுகாப்பான சட்டத்தை இயற்றியது. கதவு திறந்த பின்னரே, 1946-ஆம் ஆண்டில், காந்தியடிகள் இக்கோவிலுக்குள் சென்றார். அன்று உள்ளே போன கக்கன் பிற்காலத்தில் அமைச்சராகி, பதவி நீங்கியபின் எளிமையாகவே வாழ்ந்து மறைந்தார். வைகையையும் அணைகளையும் கவனிக்கும் பொதுப்பணித் துறையும் ஒரு காலத்தில் அவர் கையில் இருந்தது.

கோவிலின் கீழ்ப்புறம் புதுமண்டபம். தையற்காரரும் பாத்திர வியாபாரிகளும் புத்தகக் கடைக்காரரும் பல்லாண்டுகள் தூண்களுக்கு இடையே கடை விரித்திருந்த இடம். அண்மையில் அவர்களுக்கு வேறிடம் தந்து மாற்றிவிட்டனர். அதற்குக் கிழக்கே நிற்பது இராய கோபுரம். திருமலை நாயக்கர் தொடங்கி, முற்றுப் பெறாமல் நின்றுபோனது. அதன் அடித்தளம் கோவிலின் எந்தக் கோபுரத்தின் அடித்தளத்தையும் விடப் பெரியது; நிலைக்கால்கள் ஏறத்தாழ 50 அடி உயர ஒற்றைக் கற்கள். உச்சி இல்லை. காலடியில் கடைகள். எங்களைக் கேட்டால், மதுரையில் முதலில் பார்க்க வேண்டியது இதுவே என்போம். ஆனால் வருவோரில் பலர் இதைத் திரும்பியும் பார்ப்பதில்லை.

பிளாக்பர்ன் நினைவாக எழுப்பிய விளக்குத்தூணைக் கடந்து, ஒரு சந்துக்குள் பத்துத் தூண்களைக் கண்டோம். பெயரே பத்துத்தூண் சந்து. வீடுகளுக்கும் கடைகளுக்கும் நடுவே கூரையின்றி நிற்கும் அத்தூண்கள் ஒரு காலத்தில் அரண்மனையின் பகுதி. எஞ்சிய பகுதியோ சற்றுத் தொலைவில், திருமலை நாயக்கர் மஹால் என்னும் பெயரில் உள்ளது. இடையில் இருந்ததெல்லாம் அரண்மனையே என்று மனத்தில் அளந்து பார்த்தபோதுதான் அதன் பரப்பு விளங்கிற்று. இன்று நாம் காண்பது ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான்.

1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் திருச்சியிலிருந்து தலைநகரை மீண்டும் மதுரைக்குக் கொண்டு வந்து, 1636-இல் இதைக் கட்டினார். உட்கூரையை ஏந்தும் தூண்கள் 248. முற்றத்துத் தூண்கள், மேலுள்ள வளைவுகளோடு சேர்த்து, ஏறத்தாழ 60 அடி உயரம் தோன்றும். செங்கல்லும் சுண்ணாம்பும்தான், முட்டையின் வெண்கரு கலந்த சாந்தினால் சலவைக்கல் போன்ற வழவழப்பைத் தந்துள்ளனர். செங்கல்லுக்கு மண்ணெடுத்த பள்ளமே வண்டியூர்த் தெப்பக்குளம் ஆயிற்று என்பர்.

இத்தனை பெரிய மாளிகையைப் பகைவர் அழிக்கவில்லை. மன்னரின் பேரர் சொக்கநாத நாயக்கரே தலைநகரைத் திருச்சிக்கு மாற்றி, புதிய அரண்மனைக்காக இதன் வேலைப்பாடுகளைப் பெயர்த்துச் சென்றார். 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு பழுது பார்த்திராவிடில் இவ்வளவும் மிஞ்சியிராது. 1970 வரை இங்கே நீதிமன்றம் நடந்தது. எங்கள் குழுவிலிருந்த பெரியவர் ஒருவர், தம் தந்தை நிலவழக்கிற்காக இத்தூண்களின் நிழலில் நாட்கணக்கில் காத்துக் கிடந்ததைச் சொன்னார். அத்தந்தை கூரையின் சித்திரங்களை ஒரு நாளும் அண்ணாந்து பார்த்ததில்லையாம். வக்கீல் வரும் வாசலையே பார்த்திருந்தாராம்.

மஹாலிலிருந்து சில நிமிட நடையில் கீழவெளி வீதியும், தூய மரியன்னை பேராலயமும். 1938-இல் மதுரை மறைமாவட்டம் உருவானபோது தலைமைக் கோவிலாகி, 1953 முதல் உயர்மறைமாவட்டத்தின் பேராலயமாக உள்ளது. நிழலில் அமர்ந்து கட்டுச்சோறு உண்டபின், ஆசிரியர் தத்துவ போதகரைப் பற்றிச் சொல்லலானார்.

இராபர்ட் தெ நோபிலி அடிகளார் 1606-இல் மதுரை வந்தார். மஹால் அப்போது இல்லை. நகரில் 1595 முதலே பெர்னாண்டஸ் அடிகளார், கடற்கரையிலிருந்து வந்து வாழ்ந்த பரவர் குல விசுவாசிகளைக் கவனித்து வந்தார். உள்ளூர்க்காரரைக் கவர அவரால் இயலவில்லை. நோபிலி காவி உடுத்தி, மண்குடிசையில் சந்நியாசியாக வாழ்ந்து, தமிழும் வடமொழியும் கற்று, அறிஞரோடு வாதிட்டுச் சிலரை மனந்திருப்பினார். 1623-இல் உரோமை அவருடைய முறையை அனுமதித்தது. 1640-இல் அவர் இந்நகரில் சிறையும் கண்டார். நம் செபங்களின் தமிழுக்கு அவர் பட்டபாடு சிறிதன்று.

"இரண்டு சாமிமாரும் ஒரே வீட்டிலா இருந்தார்கள், தாத்தா?" என்று எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வினவினாள்.

ஆசிரியர் உடனே விடை சொல்லவில்லை. பின்பு, "இல்லை, தாயீ. சேர்ந்து உண்டால் உயர்குலத்தார் நெருங்க மாட்டார்கள் என்று நோபிலி தனி வீடு அமைத்துக் கொண்டார். ஒரே சபை, ஒரே நம்பிக்கை, வீடு இரண்டு. பிற்காலத்தில் ஒடுக்கப்பட்டோருக்கென்று பண்டாரசாமிகள் தனியே ஏற்பட்டனர். நம் கோவில்களிலும் தனித்தனியாக உட்கார வைத்த காலம் இருந்தது" என்றார். காலையில் கோவில் மதிலோரம் கேட்டதை அவர் அங்கேயே விட்டுவிட்டு வரவில்லை என்று தெரிந்தது. பெரியவர்கள் சிலர் முகம் சுளித்தனர். சிறுமியோ, "அந்தச் சாமியார் வருத்தப்பட்டிருப்பாரா?" என்று கேட்டாள். பெர்னாண்டஸ் மேலிடத்துக்குக் கடுமையாக முறையிட்டு எழுதினார் என்பதை மட்டும் ஆசிரியர் சொன்னார். அப்பேச்சு திருப்பயணிகளுக்குள் நெடுநேரம் ஓடிற்று. சிலர் நோபிலியின் பக்கம், சிலர் பெர்னாண்டஸின் பக்கம்.

வைகையின் வடகரையிலுள்ள தமுக்கம் அரண்மனைக்குப் போகப் பொழுது போதவில்லை. இராணி மங்கம்மாளின் அம்மாளிகையில் 1959 முதல் காந்தி நினைவு அருங்காட்சியகம் இயங்குகிறது. சுடப்பட்ட நாளில் காந்தியடிகள் உடுத்தியிருந்த ஆடை அங்கே உள்ளது. போக விரும்பும் பங்கினர் காலையில் அதை முதலில் பார்த்துவிட்டு, ஆற்றைக் கடந்து நகருக்குள் வருதல் நலம். குழந்தைகளுக்குக் குடிநீரும், முதியோருக்குக் குடையும் கட்டாயம் வேண்டும்.