அன்னவாசல்: அறிவர் கோயிலும் வேட்டைத் துப்பாக்கியும்

புதுக்கோட்டையிலிருந்து வடமேற்கே இலுப்பூர் போகும் சாலையில் இருக்கிறது அன்னவாசல். இலுப்பூர் வட்டத்துப் பேரூராட்சி. செம்மண் பூமி, வானம் பார்த்த புஞ்சை, நடுநடுவே கண்மாய், அதற்கு அப்பால் வரிசை பிடித்து நிற்கும் தைல மரக்காடு. தை பிறந்தால் ஜல்லிக்கட்டுப் பேச்சுதான். ஊருக்குள்ளேயே தீர்த்தங்கரர் சிற்பங்கள் உண்டு. வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் பக்கத்துச் சித்தன்னவாசலைப் பார்த்துவிட்டு, அன்னவாசலில் ஒரு டீ குடித்துக் கிளம்பிவிடுகிறார்கள்.

சித்தன்னவாசல் மலையின் ஏழடிப்பட்டம் என்ற குகைத்தளத்தில் சமணத் துறவிகளின் கற்படுக்கைகள் இருக்கின்றன. அங்குள்ள தமிழி எழுத்துகள் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு பழமையானவை. மலையின் மேற்குப் பக்கம் சமணர்களின் அறிவர் கோயில். ஒன்பதாம் நூற்றாண்டில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அதைப் புதுப்பித்தான். அப்போது பாண்டிய நாட்டை ஆண்டவன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன். விதானத்தில் தீட்டிய தாமரைக் குளத்தை எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். அதில் யானையும் எருமையும் மீனும் பறவையும் ஒரே தண்ணீரில் இருக்கின்றன. பூப்பறிக்கும் மனிதர்களைக் கண்டு எந்த உயிரும் மிரண்டு ஓடவில்லை. கொல்லாமையைச் சொல்ல இதைவிடத் தெளிவான படம் தமிழ்நாட்டில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அதே பூமி வேட்டைக்காரர்களின் பூமியாகவும் இருந்திருக்கிறது. இந்தச் சுற்றுவட்டாரத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கத்தைத் தொடுவதில்லை.

எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய பெருநூலில் வளரியைப் பற்றிய ஒரு குறிப்பு இருக்கிறது. அதை அவருக்கு எழுதித் தந்தவர் புதுக்கோட்டைத் திவான். பிறை போல வளைந்த ஆயுதம் அது. பெரும்பாலும் வைரம் பாய்ந்த மரத்தில் செய்வார்கள், இரும்பிலும் உண்டு. ஒரு முனை கனமாகவும் மறு முனை மெலிந்தும் இருக்கும். மெலிந்த முனையைப் பிடித்துச் சுழற்றி வீசினால் ஓடும் முயல் விழும். போருக்கும் அது போயிற்று, முயலுக்கும் காட்டுக்கோழிக்கும் போயிற்று. புதுக்கோட்டைச் சீமையின் வேட்டை பற்றி அச்சில் கிடைக்கும் பழைய குறிப்புகளில் இது முக்கியமானது. எழுதியவர் ஒரு திவான், பதிப்பித்தவர் ஒரு வெள்ளைக்கார அதிகாரி. வீசியவன் எழுதிய வரி ஒன்றுகூட நம் கையில் இல்லை.

வளரிக்குப் பிறகு துப்பாக்கி வந்தது. முதலில் திரித் துப்பாக்கி, பிறகு கேப்புத் துப்பாக்கி, அதற்கும் பிறகு தோட்டாத் துப்பாக்கி. கேப்புத் துப்பாக்கியில் எல்லாம் குழல் வாய் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். கருமருந்தைக் கொட்டி, அடைப்பு வைத்து, கம்பியால் இடித்து, ரவையைப் போட்டு, மறுபடி அடைத்து, பின்புறக் காம்பில் கேப்பைச் செருகினால் ஒரு வெடி தயார். கருமருந்து எரிந்த கரி ஈரத்தை இழுக்கும், அன்றே குழலை அரிக்கத் தொடங்கும். அதனால் சுட்டு முடித்த அன்றைக்கே வெந்நீர் ஊற்றிக் கழுவி, துடைத்துக் காயவைத்து, எண்ணெய் பூச வேண்டும். சோம்பல்காரன் கையில் துப்பாக்கி நிற்காது என்று சொல்வதற்கு இதுதான் காரணம்.

துப்பாக்கி பழுதுபார்க்கும் பெரியவர்களின் கைவேலையைத் தமிழில் யாரும் விரிவாக எழுதி வைத்ததாகத் தெரியவில்லை. ரெட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று அவர்களிடம் வந்தால் முதலில் குழலைக் கட்டையிலிருந்து தனியாகக் கழற்றுவார்கள். கொக்கியில் தொங்கவிட்டு விரலால் சுண்டுவார்கள். மணி போல நீண்டு ஒலித்தால் இரண்டு குழலையும் பிணைக்கும் பற்றுவைப்பு உறுதியாக இருக்கிறது. சத்தம் மொத்தையாக விழுந்தால் எங்கோ விட்டிருக்கிறது. அடுத்து குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்ப்பார்கள். சுவரில் ஒளி வளையம் வளையமாக ஒரே மையத்தில் அடுக்கி நிற்க வேண்டும். ஒரு வளையம் கோணினாலும் அந்த இடத்தில் குழல் நசுங்கியிருக்கிறது என்று அர்த்தம். குழலும் அடிப்பகுதியும் மூடுகிற இடத்தில் காகிதம் நுழையும் இடைவெளி தெரிந்தால், சுடுகிறவன் முகத்துக்கே ஆபத்து. கருவி எதுவும் வேண்டாத சோதனைகள் இவை. காதும் கண்ணும் பல வருஷம் பழகியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்தத் தொழிலில் படிப்புக்கும் இடம் உண்டு. இங்கிலாந்தின் பர்மிங்காமில் துப்பாக்கி செய்த குடும்பத்தில் வந்த டபிள்யூ. டபிள்யூ. கிரீனர், துப்பாக்கியின் வளர்ச்சியைப் பற்றி 1881இல் ஒரு பெரும் புத்தகம் எழுதினார். 1910இல் அதன் ஒன்பதாம் பதிப்பு வந்தது. பட்டறையில் நின்றவரே எழுதியதால் அதில் ஊகம் குறைவு, கைப்பழக்கம் அதிகம். 1931இல் ஜெரால்டு பரார்டு, ரவைத் துப்பாக்கிக்கென்றே தனி நூல் கொண்டுவந்தார். காட்டுக் கதை வேண்டுபவர்களுக்கு ஜிம் கார்பெட்டின் குமாயுன் புலிகள் 1944இல் வந்தது, கென்னத் ஆண்டர்சனின் முதல் நூல் 1954இல். ஆண்டர்சனின் அந்த நூலில் வரும் ஜவளகிரி இன்றைக்கு நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் அந்தக் காட்டைப் பற்றி நாம் படிப்பது ஆங்கிலத்தில், அல்லது மொழிபெயர்ப்பில். அவருக்கு வழிகாட்டிய தமிழ், கன்னட வேட்டைக்காரர்களும் பழங்குடி மக்களும் அவர் பக்கங்களில் மட்டும்தான் உயிரோடு இருக்கிறார்கள். அன்னவாசல் பக்கத்துக் காடுகளுக்கு அப்படி ஓர் ஆண்டர்சனும் கிடைக்கவில்லை. அந்தக் குறை என்னை உறுத்துகிறது.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டைக்குக் கடிவாளம் போட்டது. வந்திருக்கவே வேண்டிய சட்டம். அதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. ஆனாலும் அதன் சுமை எல்லார் தலையிலும் ஒரே அளவில் விழவில்லை. ஜமீன்தார் துப்பாக்கியைச் சுவரில் மாட்டிவிட்டு வேறு வேலையைப் பார்த்தார். வேட்டையே பிழைப்பாக இருந்த நரிக்குறவர்கள் ஊசி, பாசிமணியோடு பேருந்து நிலையங்களுக்கு வந்தார்கள். அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேற 2022 டிசம்பர் ஆயிற்று. முயலும் கௌதாரியும் பதுங்கிய புதர்க்காட்டைச் சட்டம் வந்த பிறகும் நாம் காப்பாற்றவில்லை. மாவட்டத்தில் பெரும்பரப்பு தைல மரமாகிவிட்டது. தண்ணீரை உறிஞ்சுகிறது என்று விவசாயிகள் அதை எதிர்த்துப் போராடியிருக்கிறார்கள்.

துப்பாக்கியின் சத்தம் மட்டும் இங்கே ஓயவில்லை. அன்னவாசலுக்கு வடகிழக்கே, நார்த்தாமலைப் பக்கம் பசுமலைப்பட்டியில் துப்பாக்கிச் சுடும் பயிற்சித் தளம் இருந்தது. 2021 டிசம்பர் 30 அன்று அங்கே பாதுகாப்புப் படையினரின் பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது, நார்த்தாமலையில் வீட்டிலிருந்த 11 வயதுச் சிறுவன் தலையில் குண்டு பாய்ந்தது. 2022 ஜனவரி 3 அன்று அந்தப் பிள்ளை இறந்துபோனான். தளம் மூடப்பட்டது. ஆள் குடியிருக்கும் ஊர்களுக்கு அருகே அப்படி ஒரு தளம் மறுபடி திறக்கப்படக் கூடாது.

இதே சீமை துப்பாக்கியால் பெருமையும் அடைந்திருக்கிறது. புதுக்கோட்டை அரச குடும்பத்தைச் சேர்ந்த பிரித்விராஜ் தொண்டைமான், 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் கைனான் செனாய், சோராவர் சிங் சந்துவோடு சேர்ந்து ஆடவர் டிராப் அணிப்பிரிவில் தங்கம் வென்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் கலந்துகொண்டார். அவர் கையில் இருப்பதும் பழைய வேட்டைக்காரர்கள் தூக்கிய அதே 12 போர் ரகம்தான். ஒரு பவுண்டு ஈயத்தில் பன்னிரண்டு சம உருண்டை செய்தால் அதில் ஓர் உருண்டை என்ன பருமனோ, அதுதான் அந்தக் குழலின் வாய்: சுமார் பதினெட்டரை மில்லிமீட்டர். எதிரே பறப்பது கௌதாரிக்குப் பதிலாக 11 சென்டிமீட்டர் அகலமுள்ள தட்டு. சுடுகிறவருக்கு முன்னால் 15 மீட்டரில் உள்ள பள்ளத்திலிருந்து, எந்தத் திசையில் வரும் என்று தெரியாமல், மணிக்குச் சுமார் நூறு கிலோமீட்டர் வேகத்தில் அது கிளம்பும். தகுதிச் சுற்றில் இப்படி 125 தட்டு. வேட்டைக்காரனின் கைத்தேர்ச்சி உயிர்ப்பலி இல்லாமல் முழுதாகப் பிழைத்திருப்பது இந்த விளையாட்டில்தான்.

இந்த வரலாற்றைத் தேடுபவர்களுக்குப் புதுக்கோட்டை நகரில் திருக்கோகர்ணத்திலேயே இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று 1910இல் சமஸ்தானம் தொடங்கிய அருங்காட்சியகம். பழைய ஆயுதங்களும், பாடம் செய்த விலங்குகளும் பறவைகளும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. இன்னொன்று, பா. கிருஷ்ணமூர்த்தியும் டோரதி கிருஷ்ணமூர்த்தியும் சொந்தப் பணத்தில் ஒவ்வொன்றாகச் சேர்த்து உருவாக்கிய ஞானாலயா நூலகம். லட்சத்துக்கு மேற்பட்ட நூல்கள். ஆயுதம் ஓரிடத்தில், எழுத்து ஓரிடத்தில் பத்திரமாக இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய காகிதங்கள்தான் வீடுகளில் கரையான் அரித்துக்கொண்டிருக்கின்றன: பழைய லைசென்ஸ் புத்தகம், தோட்டா வாங்கிய ரசீது, தேர்தல் தோறும் ஸ்டேஷனில் துப்பாக்கியை ஒப்படைத்த சீட்டு, வேட்டை முடிந்து வரிசையாக நின்று எடுத்த புகைப்படம், பட்டறைக்காரர் யார் துப்பாக்கிக்கு என்ன செய்தார் என்று எழுதிய கணக்கு நோட்டு. எந்த ஊரில் எந்த வருஷம் வரை மான் இருந்தது என்பதுகூட இவற்றிலிருந்து தெரியவரலாம்.

அன்னவாசல், இலுப்பூர், குடுமியான்மலைப் பக்கத்துக் குடும்பங்களிடம் ஒரு வேண்டுகோள். தாத்தா காலத்துத் துப்பாக்கி வீட்டில் இருந்து, லைசென்ஸ் வைத்திருந்தவர் காலமாகிவிட்டால், அதை உரிமம் இல்லாமல் பரணில் வைத்திருப்பது குற்றம். காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அதோடு இருந்த காகிதங்களையும் படங்களையும் எடைக்குப் போடாதீர்கள். அருங்காட்சியகத்துக்கோ நூலகத்துக்கோ ஒரு நகலாவது கொடுங்கள். துப்பாக்கி பழுதுபார்த்த பெரியவர் யாரேனும் உங்கள் தெருவில் இருந்தால், இந்த வாரமே போய் உட்கார்ந்து அவர் சொல்வதைப் பதிவு செய்யுங்கள்.