போர் வண்டியின் மறுவாழ்வு

பழம்பொருளைப் போற்றுதல் என்றவுடன் கோயிற் சிற்பமும் செப்பேடும் ஓலைச்சுவடியுமே நம் நினைவிற்கு வரும். இரும்பாலாகிய ஓர் எந்திரத்தையும் அவ்வரிசையில் வைத்து எண்ணலாம் என்பதை, தமிழாசிரியப் பணியினின்று ஓய்வு பெற்றுக் கிளென்மார்கனில் வந்து தங்கிய பின்னரே யான் அறிந்தேன்.

கிளென்மார்கன், உதகமண்டலத்திற்கு வடமேற்கே தேயிலைத் தோட்டங்கள் சூழ அமைந்த சிற்றூர். இவ்வூர் நீர்த்தேக்கத்தினின்று பெருங்குழாய்களின் வழியே ஏறத்தாழ 3000 அடி கீழிறங்கும் தண்ணீரே, 1932ஆம் ஆண்டில் சிங்காராவில் தொடங்கப்பெற்ற பைக்காரா மின்நிலையத்தை இயக்குவது. இத்தகைய மேடு பள்ளங்களில், மழைக்காலச் சேற்றில், எல்லா வண்டிகளும் ஓடிவிடா. அதனால் இம்மலைத் தோட்டத்தார் முன்னாளில் பெரிதும் விரும்பியது ஜீப்பு வண்டியே.

ஜீப்பு போருக்கெனப் பிறந்தது. 1940ஆம் ஆண்டில் அமெரிக்கப் படையினர், நான்கு சக்கரங்களும் ஒருங்கே உந்தும் சிறு வண்டி ஒன்றை வேண்டினர். பாண்டம் என்னும் சிறு நிறுவனம் நாற்பத்தொன்பது நாள்களுக்குள் முதல் வண்டியைச் செய்து கொடுத்தது. பின்னர் வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு நிறுவனங்களும் போர் முடிவதற்குள் ஆறு இலட்சத்திற்கு மேற்பட்ட வண்டிகளை ஆக்கின. 1944இல் இம்பாலிலும் கோகிமாவிலும் நடந்த போர்களில் அவை படைக்கலன்களையும் சுமந்தன. புண்பட்ட வீரரையும் சுமந்தன. போர் ஓய்ந்தபின் மிஞ்சிய வண்டிகள் விலைக்கு வந்தன. ‘டிஸ்போசல் ஜீப்பு’ என்று மக்கள் அழைத்த அவற்றுட் சில மலையேறித் தோட்டப் பணி புரிந்தன.

அத்தகைய வண்டி ஒன்று, ஒரு தோட்டத்துக் கொட்டகையில் கோழிகள் அடையும் கூடாகக் கிடந்தது. தோட்டப் பட்டறையில் முப்பதாண்டு உழைத்து ஓய்வுபெற்ற என் பழைய மாணவர் ஒருவர் அதனை விலைக்கு வாங்கினார். “இரும்புக்கடைக்குப் போக வேண்டியதை வீட்டிற்குக் கொணர்ந்தீரே!” என்று அவர் மனைவியார் நொந்துகொண்டார். அந்நோவு காரணமற்றதன்று. வீட்டின் கூரைத் தகடு துருவேறி ஒழுகிக்கொண்டிருந்தது. கையிலிருந்ததோ வருங்கால வைப்புநிதித் தொகை ஒன்றே. அம்மையார் ஒரு நிபந்தனை விதித்தார்: முதலில் கூரை, பின்னரே வண்டி, செலவுக் கணக்கு தம் கையில். மாணவரும் இசைந்தார். ஒரு மழைக்காலம் முழுதும் வண்டி தார்ப்பாயின்கீழ்க் காத்திருந்தது.

அம்மையார் எழுதிய கணக்கேட்டை யானும் கண்டேன். வண்டியின் விலை ரூபாய் 1,50,000, தகட்டு வேலைக்கும் வண்ணத்திற்கும் 95,000, எஞ்சினுக்கு 1,10,000, ஐந்து டயர்களுக்கு 45,000, மின்கம்பிகளுக்கும் அளவிகளுக்கும் 30,000, அயல்நாட்டினின்று வருவித்த சிற்றுறுப்புகளுக்கு 60,000. ஆக 4,90,000 ரூபாய்! இதில் அவர் மூன்றாண்டுக் காலம் சிந்திய உழைப்பிற்கு விலை போடப்படவில்லை.

செலவு இவ்வாறு பெருகக் கண்ட நண்பர் சிலர், “பழைய பெட்ரோல் எஞ்சினை எறிந்துவிட்டு டீசல் எஞ்சின் ஒன்றைப் பொருத்திவிடும், செலவும் குறையும், வண்டியும் ஓடும்” என்றனர். பெட்ரோலில் அவ்வண்டி லிட்டருக்கு ஏழெட்டுக் கிலோமீட்டரே செல்லும். ஆதலின் அவ்வுரை பொருந்தாத உரையன்று. நாட்டில் எத்தனையோ ஜீப்புகள் அவ்வாறு மாற்றப்பட்டுள்ளன. ஆயினும் மாணவர் உடன்படவில்லை. “ஐயா, பாடலில் ஒரு சொல் விளங்கவில்லை என்றால், அதை அடித்துவிட்டு நம் சொல்லை எழுதலாமா என்று வகுப்பில் தாங்கள் கேட்டது நினைவிருக்கிறது” என்றார். யான் மறுமொழி கூறாது மகிழ்ந்தேன். 2021ஆம் ஆண்டில் நடுவண் அரசு வகுத்த விதிகளும் அவர் பக்கமே நின்றன. ஐம்பது ஆண்டிற்கு மேற்பட்ட வண்டி, பெருமாற்றம் இன்றி முதல் வடிவில் பேணப்பட்டிருந்தாலே பழம்பெரும் வண்டியாகப் பதிவு பெறும். புதுப்பதிவிற்குக் கட்டணம் 20,000 ரூபாய். அதனை அன்றாடப் பயணத்திற்கோ வாணிகத்திற்கோ பயன்படுத்தலாகாது.

அவர் பணிசெய்த முறை, சுவடி பதிப்பிப்போர் முறையையே ஒத்திருந்தது. ஃபோர்டு நிறுவனத்தார் தாம் செய்த உறுப்புகளிலும் திருகாணித் தலைகளிலும் ‘எஃப்’ என்னும் எழுத்தைப் பொறிப்பது வழக்கம். அவ்வெழுத்துள்ள ஆணி ஒன்று கிடைத்த நாளில், ஏட்டில் சிதைந்த சீர் ஒன்று கிடைத்தாற்போல் அவர் முகம் மலரும். கிடைக்காத உறுப்புகளைக் கோயம்புத்தூர்ப் பட்டறைகளில் கடைந்து வருவித்தார். அவ்வாறு புதிதாகச் செய்தவற்றின் உட்புறத்தில் சிறு வெள்ளைப் புள்ளி ஒன்று வைத்தார். “பின்னால் வருவோர் இதைப் பழையது என்று எண்ணி ஏமாறக்கூடாது” என்பது அவர் கருத்து. இதுவன்றோ பதிப்பாளரின் நேர்மை!

அவ்வண்டியின் நுட்பங்களை அவர் வாயால் கேட்பதும் ஓர் இன்பமே. அதன் எஞ்சின் அறுபது குதிரை ஆற்றல் உடையது. கியர்க் கோலின் அருகே வேறு இரு கோல்கள் உண்டு. ஒன்று முன்சக்கரங்களுக்கும் ஆற்றலைச் செலுத்தும். மற்றொன்று வேகத்தைக் குறைத்து இழுவிசையைப் பெருக்கும். முகப்பு விளக்குகளைப் பின்னோக்கித் திருப்பினால், இருளில் எஞ்சினைப் பழுதுபார்க்க ஒளி தரும். காட்டில் தனியே நின்றுவிட்ட ஓட்டுநரையும் எண்ணிப் பார்த்த அறிவின் திறம் அது.

கைப்பிடியிட்டுச் சுழற்றி முதன்முதல் எஞ்சினை இயக்கிய நாளில் ஊரார் திரண்டனர். முதிய தோட்டத் தொழிலாளி அம்மையார் ஒருவர் வண்டியின் மூடியைத் தடவிப் பார்த்து, “இப்படிப்பட்ட வண்டியில்தான், தலைப்பிள்ளை வயிற்றில் தடுமாறியபோது என்னை உதகை ஆசுபத்திரிக்குக் கொண்டு போனார்கள்” என்றார். அவர் அருகில் நின்ற நரைத்தலை மைந்தரே அப்பிள்ளை. கணக்கேட்டுடன் நின்ற மாணவரின் மனைவியார் அவ்விருவரையும் நெடுநேரம் நோக்கினார். அன்று மாலை அவரே முன்னிருக்கையில் முதலில் ஏறி அமர்ந்தார்.

மாணவர்களே, கொல்லுதற்குச் சென்ற படையுடன் சென்ற வண்டி, பிழைப்பித்தற்கும் உதவியது. கருவியின்மேல் பழியும் இல்லை, புகழும் இல்லை. அதனைக் கையாளும் மனிதரையே இரண்டும் சேரும். பழமையைப் பேண விழைவோர் கைப்பொருளின் அளவறிந்து தொடங்குதல் வேண்டும். இல்லத்தின் கடமையை முன்னர் முடித்தல் வேண்டும். தொடங்கியபின் பொய் கலவாது செய்தல் வேண்டும். அங்ஙனம் செய்தார்க்குச் செலவான பணம் திரும்பி வாராது. ஆயினும் அவர் இழந்தவர் ஆகார்.