கடைசிப் பங்கு

காரைக்குடி செக்காலை ரோட்டில் முன்பு ஒரு பேட்டரி மேஸ்திரி கடை வைத்திருந்தார். கார்க்காரர்கள், கல்யாண மைக் செட்டுக்காரர்கள் எல்லாரும் அவரிடம்தான் பேட்டரியைச் சார்ஜுக்குப் போடுவார்கள். ஆறு அறைகளின் மூடியையும் திருகி எடுப்பார். ஹைட்ரோமீட்டரின் ரப்பர் குமிழை அமுக்கி அமிலத்தை உறிஞ்சி, மிதவை எந்தக் கோட்டில் நிற்கிறது என்று கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். 1150 என்றால் காலி. 1250-ஐத் தாண்டி அங்கேயே நிலைத்து நின்றால்தான் அவருக்கு நிம்மதி.

ஒருநாள் மைக் செட்டுக்காரப் பையன் வந்து அவசரப்பட்டான். "பத்து மணி நேரம் ஆச்சே அண்ணே, எடுத்துக்கவா?"

"இன்னும் வயிறு நிறையலப்பா. விசேஷ வீட்டுல பாதியில நின்னா உனக்குத்தானே கெட்ட பேரு?" என்றவர், கடையிலிருந்த தம்முடைய பேட்டரியைத் தூக்கிக் கொடுத்தனுப்பினார். வாடகை கேட்கவில்லை.

பையனின் கணக்கிலும் நியாயம் உண்டு. 150 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு 15 ஆம்பியர் கொடுத்தால், வகுத்துப் பார்க்க 10 மணி நேரம்தான் வரும். ஏன் அது போதாது என்பதைப் பிற்பாடு சிக்ரியில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் எனக்குப் புரியவைத்தார். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து நம் ஊருக்குக் கொண்டுவந்த மின்வேதியியல் ஆய்வகம் அது. 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 பொங்கல் சமயத்தில் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். இப்படியொரு இடம் வாய்த்தது காரைக்குடியின் பாக்கியம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

நண்பர் சொன்னது இதுதான். உள்ளே போகும் கரண்டில் ஒரு பங்கு சூடாகவும் வாயுவாகவும் போய்விடும். அதோடு, முக்கால்வாசி நிறைந்தபின் பேட்டரி வாங்கிக்கொள்ளும் கரண்டே குறைந்துகொண்டு வரும். அதனால் முழுக்கக் காலியான ஈய பேட்டரிக்கு 12 முதல் 14 மணி நேரம் ஒதுக்கவேண்டும். பாதிதான் தீர்ந்திருந்தால் 75-ஐ 15-ஆல் வகுத்து, வரும் 5 மணி நேரத்தோடு இன்னும் ஓரிரண்டைச் சேர்த்துக்கொள்ளலாம். குறைச் சார்ஜிலேயே எடுத்து எடுத்து ஓட்டினால் தகடுகளில் ஈய சல்பேட் இறுகிப் படியும். அப்புறம் எவ்வளவு ஏற்றினாலும் பழைய பலம் திரும்பாது.

இப்போது பேரன் வைத்திருக்கும் மின்சார ஸ்கூட்டரில் இருப்பது லித்தியம் பேட்டரி. "எண்பது சதம் சட்டுனு ஏறிடுது ஐயா, அதுக்கு மேல நகரவே மாட்டேங்குது" என்கிறான். ரகம் வேறானாலும் கடைசிப் பங்கு மெதுவாகத்தான் ஏறும். ஆனால் லித்தியத்தைத் தினமும் நிறைத்தே ஆகவேண்டும் என்றில்லை; எண்பதோடு எடுத்தால் அதற்கு நல்லதுதான். ஆகவே, கல்லூரிக்குப் போய்வர அது போதும், திருப்பத்தூர் வரை போகிற அன்றைக்கு மட்டும் முதல்நாள் இரவே செருகி வை என்று சொல்லியிருக்கிறேன்.