கட்டாமல் விட்ட கயிறு

மன்னார்த் தீவின் வடகரையில், பேசாலையில், ஒரு வீட்டு விறாந்தையின் மூலையில் இருபத்திரண்டேகால் அங்குல நீளமான மரக்கப்பல் ஒன்று ஓராண்டு காலமாகப் பாய்மரமின்றிக் கிடந்தது. அதன் உடல் முற்றுப்பெற்றிருந்தது. அடியில் ஏரா ஓடியது. ஏராவிலிருந்து இருபுறமும் வங்குகள் விலா எலும்புகள் போல எழுந்து நின்றன. வங்குகளின் மேல் வேப்பம் பலகைகள் இழைத்துப் பொருத்தப்பட்டிருந்தன. பாய்மரங்கள் இரண்டும் சீவப்பெற்று, ஒரு பழைய துணியில் சுற்றப்பட்டு, வீட்டுக் கூரையின் வளையில் செருகப்பட்டிருந்தன. அவற்றை நிறுத்துவது மட்டுமே எஞ்சியிருந்தது. நிறுத்தவேண்டியவரின் கைகளோ நடுங்கத் தொடங்கிவிட்டன.

அவர் ஒரு முதிய ஓடாவி. எழுபத்தைந்து வயதைக் கடந்தவர். தோணியும் வத்தையும் கட்டிய குடும்பத்தில் பிறந்து, வாய்ச்சி பிடிக்கக் கற்றுக்கொண்ட காலத்திலேயே அத்தொழில் மெல்லச் சாவதையும் கண்டவர். முதலில் இயந்திரம் வந்து பாயை அகற்றியது. பின்னர் கண்ணாடியிழைப் படகு வந்து மரத்தையே அகற்றியது. 1990-ஆம் ஆண்டுப் போர்க்காலத்தில் குடும்பத்தோடு கடல் கடந்து மண்டபம் முகாமுக்குச் சென்றார். போர் முடிந்த பின்னரே ஊர் திரும்பினார். புறப்படும்போது கிணற்றடியில் புதைத்துவிட்டுச் சென்ற கருவிகளுள் வாய்ச்சியின் இரும்பு மட்டுமே மீண்டும் கையில் கிடைத்தது. அதற்குப் புதிய பிடி போட்டு, அந்த ஒரு கருவியையே முதலாகக் கொண்டு அவர் தொடங்கிய வேலைதான் இக்கப்பல்.

அளவு அவராகக் கற்பனை செய்ததன்று. அவருடைய தந்தை இளமையில் வல்வெட்டித்துறையில் கலப்பத்து வேலை செய்தவர். அங்கு 1930-ஆம் ஆண்டு கட்டப்பெற்ற அன்னபூரணி என்னும் கப்பலைப் பற்றி அவர் சொல்லிச் சொல்லியே மகன் வளர்ந்தான். எண்பத்தொன்பது அடி நீளமான அக்கப்பலை வில்லியம் அல்பேட் றொபின்சன் என்னும் அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். சிறு பாய்க்கலமொன்றில் உலகைச் சுற்றிவந்து முன்னரே பெயர் பெற்றிருந்தவர் அவர். கப்பலுக்கு புளோரன்ஸ் சீ. றொபின்சன் என்ற புதுப்பெயர் சூட்டப்பட்டது. வல்வெட்டித்துறை மாலுமிகள் அதனைச் செங்கடல் வழியாகவும் சுயஸ் கால்வாய் வழியாகவும் செலுத்தி, அத்திலாந்திக் சமுத்திரத்தையும் கடந்து, 1938 ஆகஸ்ட் மாதத்தில் அமெரிக்காவின் குளொஸ்ரர்த் துறைமுகத்திற் சேர்த்தனர். நம் கரையின் கைகள் இழைத்த கப்பல் நம் கரையின் மாலுமிகளோடு அவ்வளவு தூரம் சென்றதென்பது, எழுதப் படிக்கப் பெரிதும் அறியாத அந்தத் தந்தைக்குப் பெருமைக்குரிய வரலாறு முழுவதுமாக இருந்தது. நான்கு அடிக்கு ஓர் அங்குலம் என்று கணக்கிட்டால் எண்பத்தொன்பது அடி இருபத்திரண்டேகால் அங்குலமாகும். முதியவர் அக்கணக்கைத் தரையில் விரலால் எழுதிப் பார்த்தே மரத்தை அறுத்தார்.

இத்தகைய ஒரு கப்பல் மன்னாரில் உருவாவது பொருத்தமானதே. இத்தீவின் வடபுறம் பாக்கு நீரிணைப் பக்கத்துக் கடல். தென்புறம் மன்னார் வளைகுடா. சோழகம் வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்க வடகடல் அடங்கிக் கிடக்கும். வாடை தொடங்கியதும் நிலைமை மாறும். எனவே பேசாலை மக்கள் காற்றை நாட்காட்டியாகக் கொண்டு கரை மாறித் தொழில் செய்யப் பழகியவர்கள். தீவுக்கு எதிரே பெருநிலத்தில் மாதோட்டம் இருக்கிறது. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரத்தைத் தன்னகத்தே கொண்ட அப்பழந்துறையில், பல நாட்டு மரக்கலங்கள் வந்து தங்கிய செய்தியை 1980களில் நடந்த அகழ்வாய்வும் உறுதிசெய்தது. தெற்கே அரிப்பிலும் சிலாவத்துறையிலும் முத்துச் சலாபம் நடந்த காலத்தில், தோணிகள் நள்ளிரவின் பின் நிலக்காற்றைப் பாயில் ஏற்றிக்கொண்டு முத்துப் பார்களை நோக்கிப் புறப்படும். நண்பகலின் பின் கடற்காற்று எழுந்ததும் அதனையே ஏற்றிக்கொண்டு கரை திரும்பும். ஒரு நாளின் இரு காற்றுகளை நம்பியே அப்பெருந்தொழில் நடந்தது. பாயும் பாய்மரமும் கயிறும் இல்லையேல் முத்தும் இல்லை.

முதியவரின் நினைவில் இக்காற்றுகள் அனைத்தும் கயிறுகளாகவே இருந்தன. எந்தக் காற்றுக்கு எந்தக் கயிற்றை இளக்கவேண்டும், எதனை இறுக்கவேண்டும் என்பதை அவர் தூக்கத்திலும் சொல்வார். ஆயினும் நான்கு அடியை ஓர் அங்குலமாகக் குறுக்கிய கப்பலிலே ஓர் அங்குலப் பருமனான வடம் அரை மில்லிமீற்றர் நூலாகிவிடுகிறது. அத்தகைய நூலில் முடிச்சிட நடுங்காத விரல்களும் தெளிவான கண்ணும் வேண்டும். அவருக்கு அவை இரண்டும் இல்லை. அவருடைய பேத்திக்கு இருந்தன.

மண்டபம் முகாமிற் பிறந்த அவள் இப்போது ஊரில் கூலிக்கு வலை பொத்துபவள். பெண்கள் கப்பல் வேலையிற் கைவைக்கும் வழக்கம் அக்குடும்பத்தில் என்றுமே இருந்ததில்லை. எனவே முதியவர் அவளிடம் கேட்கவில்லை. அவளும் தானாக முன்வரவில்லை. வேறொன்று அவளைக் கொண்டுவந்து சேர்த்தது. கொழும்பிலிருந்து வந்த ஒருவர் கப்பலைக் கண்டு, நத்தாருக்கு முன் பாய்மரங்களோடு முடித்துத் தந்தால் நல்ல விலை தருவதாகச் சொல்லிச் சென்றார். கூரையின் மேற்குப் பக்கம் ஒழுகிக்கொண்டிருந்தது. வாடை மழைக்கு முன் தகரம் மாற்றவேண்டும். "அப்பப்பா, நீங்கள் சொல்லுங்கோ, நான் கட்டுறன்" என்று அவள் வந்து அமர்ந்தாள்.

தொடக்கத்திலேயே பிணக்கு ஏற்பட்டது. அவள் கொண்டுவந்தது நைலோன் தங்கூசி. அது அறாது, உக்காது என்பது அவள் கட்சி. அது முடிச்சில் நில்லாது, வளைத்த இடத்தில் வளையாமல் விறைத்து எழும்பும், வெயிலில் மின்னும் என்பது அவர் கட்சி. இறுதியிற் பருத்தி நூலே வந்தது. அதனைத் தேன்மெழுகுக் கட்டியின் மேல் இருமுறை இழுத்து, மயிர் படிந்த பின்னரே கையிலெடுக்க வேண்டுமென்றார். மரத்தைத் தாங்கி அசையாது நிற்கும் கயிறுகளுக்குக் கறுப்பு நூல். ஏனெனில் பெருங்கப்பலில் அவற்றுக்குக் கீல் பூசுவார்கள். பாயை ஏற்றவும் இறக்கவும் ஓடும் கயிறுகளுக்கு நூலின் இயல்பான நிறமே போதும். ஏனெனில் கீல் பூசிய கயிறு கப்பியில் ஓடாது. நிறவேறுபாடு அழகுக்காக ஏற்பட்டதன்று என்பதை அவள் அன்றுதான் அறிந்தாள்.

மரம் நிறுத்துவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. நிற்கும் கயிறுகளைக் கட்டி முடித்த பின்னரே ஓடும் கயிறுகளைத் தொடவேண்டும். கீழே உள்ளவற்றைக் கட்டிய பின்னரே மேலே செல்லவேண்டும். நடுவில் உள்ளவற்றைக் கட்டிய பின்னரே ஓரத்துக்கு வரவேண்டும். இல்லையேல் பின்னர் விரல் நுழைய இடமிராது. பாய்மரத்தைப் பக்கவாட்டிற் பிடிக்கும் கயிறுகளை ஒருபுறம் முழுவதும் கட்டிவிட்டு மறுபுறம் செல்லலாகாது. வலப்புறம் ஒன்று, இடப்புறம் ஒன்று என மாறி மாறிக் கட்டவேண்டும். அணியத்தை நோக்கி இழுக்கும் முன்கயிறும், பக்கக் கயிறுகளும் ஒன்றையொன்று சமன்செய்யும்போதே மரம் நேராக நிற்கும். ஒரு கயிறு தன் பங்குக்கு மேல் இழுத்தால் மற்றவை அனைத்தும் பொய்யாகிவிடும்.

அவளுக்கு அவசரம். மூன்று மாலைகளில் முன்மரத்தின் ஒருபுறத்தை முழுவதும் கட்டி, மறுபுறத்தில் முதல் இரண்டையும் கட்டிவிட்டாள். முதியவர் கப்பலைத் தூக்கி, அமரத்தின் பக்கமாக ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். கண்ணிற் படலம் படர்ந்தவருக்கு நூல் தெரியாது. மரத்தின் சாய்வு தெரிந்தது.

"அவிழ், பிள்ளை" என்றார்.

"ஒரு நூலளவு சரிவு, அப்பப்பா. வாங்குகிறவருக்கு இது தெரியுமா?"

"கடலுக்குத் தெரியும்."

"இது கடலுக்குப் போகாதே!"

அவர் விடை கூறவில்லை. அவள் கோபத்தோடு எழுந்து சென்றாள். இரண்டு நாட்கள் விறாந்தைப் பக்கம் வரவில்லை. கூரையையும் மழையையும் நினையாத ஒரு மனிதரின் பிடிவாதமாகவே அது அவளுக்குத் தோன்றியது. மூன்றாம் நாள் வந்தாள். ஒன்றும் பேசாமல், முடிச்சுகளை ஊசிமுனையால் ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். மூன்று மாலைகளின் வேலை ஒரு மணி நேரத்தில் நூற்குவியலாயிற்று.

இம்முறை வலமும் இடமுமாகக் கட்டினாள். பக்கக் கயிறுகளுக்குக் குறுக்கே மாலுமிகள் ஏறும் ஏணிப்படிகளாக நூல்களை முடியும் கட்டம் வந்தபோது, முதியவர் அந்த முடிச்சை வாயாற் சொல்லி விளக்க முயன்றார், இயலவில்லை. அவள் அவருடைய கைவிரல்கள் காற்றில் வரைந்ததைப் பார்த்துச் சிரித்தாள். அது அவள் நாள்தோறும் இடும் முடிச்சு. வலையின் கண்களைத் தலைக்கயிற்றிற் பிணைக்கும்போது இருமுறை சுற்றித் தன்னைத் தானே இறுக்கிக்கொள்ளச் செய்யும் அதே முடிச்சு. கப்பலில் அவள் அறிந்த ஒன்று முதன்முதலாக அகப்பட்டது. அன்று அவள் முடித்த படிகள் இருபத்தெட்டு. முதியவர் தடவிப் பார்த்தார். ஒன்றையும் அவிழ்க்கச் சொல்லவில்லை.

அதன்பின் வேலை பேச்சோடு நடந்தது. பாயைத் தாங்கும் குறுக்குமரம் பருமல். அதனை மேலேற்றும் கயிறு ஆஞ்சான். பாயின் கீழ்மூலையை இழுத்துப் பிடிப்பது தாமான். சுக்கான் என்னும் சொல் அரபு மாலுமிகளோடு வந்தது. நங்கூரம் பாரசீகத்திலிருந்து வந்தது. பலகை இடுக்கில் நாரடைக்கும் கலப்பத்து என்ற சொல்லின் உறவை அரபிலும் போர்த்துக்கேயத்திலும் காணலாம். சங்க காலத்தவர் பாய்மரத்தைக் கூம்பு என்றனர். எத்தனையோ நாட்டார் இக்கரையில் வந்து தங்கிச் சென்றதற்கு இச்சொற்களே சான்று. பேத்தி அவற்றை ஒரு கொப்பியில் எழுதிவைத்தாள். எழுதும்போது சில சொற்களுக்கு அவளிடமிருந்து எழுத்துக்கூட்டல் கேட்ட முதியவர், தாம் அறுபது ஆண்டுகளாகப் பேசிய சொல் தாளில் எப்படி இருக்கிறதென்று வியந்து பார்த்தார்.

முன்மரத்தின் அடியில் ஓடுகயிறுகளைச் சுற்றிக் கட்டுவதற்கு ஆறு முளைகள் இருந்தன. ஐந்து முளைகளுக்குரிய கயிறுகள் வந்து சேர்ந்தன. ஆறாவது முளை வெறுமையாக இருந்தது.

"இதுக்கு என்ன கயிறு, அப்பப்பா?"

அவர் நெடுநேரம் யோசித்தார். அந்த இடத்தில் ஒரு கயிறு வந்திறங்கியது என்பது அவருக்கு உறுதி. சிறுவனாகத் தந்தையோடு ஒரு தோணியில் ஏறியபோது, தந்தை பேசிக்கொண்டே கையை ஊன்றியிருந்தது அக்கயிற்றின் மேல்தான். கையும் கயிறும் நினைவில் இருந்தன. கயிறு மேலே எங்கே சென்றது என்பது இல்லை. அன்னபூரணியின் நிழற்படம் ஒன்று அச்சிடப்பட்ட மலரைப் பேத்தி எங்கோ தேடிக் கொண்டுவந்தாள். படத்தில் அவ்விடத்தைப் பாய் மறைத்திருந்தது. கேட்டறியத்தக்க பழைய ஓடாவிகள் ஊரில் எவரும் இல்லை. சிலர் இந்தியாவில் இறந்தனர். சிலர் இங்கேயே இறந்தனர்.

"ஏதாவது ஒன்றைக் கட்டிவிடட்டோ? அழகாய் இருக்கும்" என்றாள்.

"தெரியாத கயிறைக் கட்டாதே, பிள்ளை. நாளைக்கு உன்னைப் பார்த்து ஒருவன் கட்டுவான். அவன் அதைச் சரியென்று நினைப்பான்."

நத்தாருக்கு மூன்று கிழமை முன்பாகக் கொழும்புக்காரர் வந்தார். கப்பலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து மகிழ்ந்தார். ஆறாவது முளையை அவரும் கண்டார். அதற்கும் ஒரு நூலைச் சுற்றிவிட்டால் முழுமையாகிவிடும், இங்கு முடியாவிட்டாற் கொழும்பில் எவரையாவது கொண்டு செய்வித்துக்கொள்ளலாம் என்றார். முதியவர் பேத்தியைப் பார்த்தார். விலையைப் பேசியவள் அவள். கூரையை எண்ணியவளும் அவளே.

"அந்தக் கயிறு எங்களுக்குத் தெரியாது, ஐயா. அதால கட்டேல்லை. நீங்கள் எடுத்தால் அதை அப்பிடியே விடவேணும்" என்றாள்.

வந்தவருக்கு அது விளங்கவில்லை. பணம் கொடுத்து வாங்கும் பொருளுக்கு நிபந்தனையா என்று கேட்டார். பின்னர் யோசித்துச் சொல்வதாகக் கூறி விடைபெற்றார். மீண்டும் வரவில்லை.

மேற்குக் கூரைக்குப் பழைய தகரங்கள் இரண்டு கடனாகக் கிடைத்தன. ஒழுக்கு ஓரளவு நின்றது, முற்றாக நிற்கவில்லை. முதல் வாடை மழை பெய்த இரவில் பேத்தி எழுந்து, கப்பலை நனையாத சுவரோரமாக நகர்த்தி வைத்தாள். காலையிற் பார்த்தபோது ஈரக்காற்றுப் பட்ட நூல்கள் யாவும் சுருங்கி விறைத்திருந்தன. கோடையிற் கட்டும் கயிற்றுக்குச் சற்று இளக்கம் விடவேண்டும், மழை அதனை இறுக்கிக்கொள்ளும் என்று முதியவர் சொல்லியிருந்தார். அவள் கப்பலைத் தூக்கி, அமரத்தின் பக்கமாக ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். இரண்டு மரங்களும் நேராக நின்றன.