சுடாத அழற்சி, கொதிக்காத கொதிப்பு

நோய்களுக்குப் பெயரிடும்போது நம் மொழி அடிக்கடி நெருப்பின் பக்கம் சாய்ந்துவிடுகிறது. மணிமேகலையில் காயசண்டிகையைப் பற்றிய தீராப் பசிக்கு 'யானைத்தீ' என்று பெயர். உடலின் ஒரு பகுதி சிவந்து வீங்கி நோவதை 'அழற்சி' என்கிறோம். அழல் என்றால் தீதான். இரத்த அழுத்தம் மிகுந்தால் 'இரத்தக் கொதிப்பு'. பெயரிட்டவர்கள் நோயாளியின் அருகே அமர்ந்து, கண்டும் கேட்டும் தொட்டும் அறிந்து பெயரிட்டிருக்கிறார்கள். இது அழகான வழக்கம். ஆனால் கண்ணுக்கும் கைக்கும் அகப்படாத நோய் வரும்போது இதே பெயர்கள் நம்மைத் திசைதிருப்பியும் விடுகின்றன.

என் தங்கை மகனுக்கு அப்போது பதினொரு வயது. திண்டுக்கல் நாகல் நகரில் வீடு. பையன் இரவில் பெரியவர்களைப் போலக் குறட்டை விடுகிறான் என்று குழந்தை மருத்துவர் ஒருவரிடம் அழைத்துப் போனாள். மருத்துவர் எடையையும் உயரத்தையும் குறித்துக்கொண்டார். பிறகு அவன் மேற்கையின் சுற்றளவை நாடாவால் அளந்து, அதற்கேற்ற பட்டையைத் தேர்ந்து சுற்றி இரத்த அழுத்தம் பார்த்தார். 126/82. ஒரு முறை பார்த்து முடிவு சொல்லக் கூடாது என்று மேலும் இரண்டு நாள்கள் வரவழைத்துப் பார்த்தார். ஏறத்தாழ அதே எண்கள். சிறுநீரகத்தில் கோளாறு உண்டா என்று சோதித்து, இல்லை என்று தெரிந்தபின், "பையனுக்கு பிரஷர் இருக்கிறது, உடல் எடையால் வந்தது" என்றார்.

தங்கையின் மாமியார் அதை ஏற்கவேயில்லை. "பச்சப் பிள்ளைக்குப் போயி கொதிப்பாம்! எம் பேரன் யார் மேல கோவப்பட்டான், கொதிப்பு வர?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அது மொழி அவருக்குக் கற்றுத் தந்த கேள்வி. கொதிப்பு என்றால் சினம். சினத்தால் முகம் சிவக்கும், நரம்பு புடைக்கும். அது பொறுப்புகளைச் சுமந்து அலுத்த பெரியவர்களுக்கு வருவது. அவருக்கே பிரஷர் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் ஊழியர் வீட்டுக்கு வந்து அழுத்தம் பார்த்து மாத்திரை தருவதையும் அவர் அறிவார். 82 என்ற எண்ணைக் கேட்டதும், "எனக்கே இதவிடக் கூட இருக்கு அத்தம்பி, நான் நல்லாத்தானே இருக்கேன்?" என்று என்னிடமே நியாயம் கேட்டார்.

விடை அந்த எண்ணில்தான் இருக்கிறது. பெரியவர்களுக்கு 140/90 என்பது நம் மருத்துவர்கள் பொதுவாகக் கொள்ளும் எல்லை. குழந்தைகளுக்கு அப்படி ஒற்றை எல்லை இல்லை. வயது, பால், உயரம் மூன்றையும் கொண்டு அட்டவணையில் பார்க்க வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைப்படி, பதின்மூன்று வயதுக்குட்பட்ட ஒரு பிள்ளையின் அழுத்தம், அதே வயதும் உயரமும் கொண்ட நூறு பிள்ளைகளில் தொண்ணூற்றைந்து பேருடையதைத் தாண்டினால் அது உயர் அழுத்தம். பதின்மூன்று முதல் 130/80 என்ற எல்லை. பாட்டிக்குக் கவலை தராத 126/82 பேரனுக்கு நோயாவது இப்படித்தான். மூன்று வயது முதல் ஆண்டுக்கொரு முறை பார்க்க வேண்டும் என்கிறது அந்நெறிமுறை. பட்டை கைக்குச் சிறியதாக இருந்தால் அழுத்தம் பொய்யாகக் கூடிக் காட்டும். பருத்த பிள்ளைகளிடம் இப்பிழை எளிதில் நேரும். மருத்துவர் நாடாவை எடுத்ததன் காரணம் இது.

சரி, எடைக்கும் அழுத்தத்துக்கும் என்ன தொடர்பு? இங்கேதான் 'அழற்சி' வருகிறது. சிவப்பு, வீக்கம், சூடு, வலி என்று அழற்சிக்கு நான்கு அடையாளங்களை முதல் நூற்றாண்டிலேயே செல்சஸ் என்ற உரோமானியர் எழுதி வைத்தார். கொழுத்த உடலில் நிகழும் அழற்சிக்கு இந்த நான்கில் ஒன்றும் வெளியே தெரிவதில்லை. கொழுப்பை வெறும் சேமிப்புக் கிடங்கு என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 1993-இல் பருத்த எலிகளின் கொழுப்புத் திசுவே டி.என்.எஃப். என்னும் அழற்சிப் பொருளைச் சுரக்கிறது என்று கண்டார்கள். 2003-இல், கொழுப்பு மிகுந்த திசுவுக்குள் கிருமிகளை விழுங்கும் வெள்ளணுக்கள் கூட்டமாகக் குடியேறியிருப்பதைக் கண்டார்கள். கிருமியே இல்லாத இடத்தில் காவற்படை முகாமிட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது சுரப்பவை கல்லீரலை எட்டி, சி-ரியாக்டிவ் புரதத்தைக் கூட்டுகின்றன. 8 முதல் 16 வயது வரையிலான அமெரிக்கப் பிள்ளைகளிடம் செய்த ஓர் ஆய்வு 2001-இல் வெளியானது. எடை மிகுந்த பிள்ளைகளின் இரத்தத்தில் அந்தப் புரதம் கூடியிருப்பது அதில் தெரிந்தது.

இரத்தக் குழாயின் உட்பூச்சு நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்து குழாயைத் தளர்த்தி வைக்கிறது. இதைக் கண்டறிந்த மூவருக்கு 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஓயாத அழற்சி அந்த உட்பூச்சை நோகடிக்கிறது. தளர வேண்டிய குழாய் இறுகி நிற்கிறது. இதுவே முழுக் காரணம் என்று சொல்லிவிடக் கூடாது. மிகுந்த இன்சுலினால் சிறுநீரகம் உப்பைத் தேக்கி வைத்துக்கொள்கிறது. கொழுப்பு சுரக்கும் லெப்டின் நரம்புகளை முடுக்குகிறது. இவை யாவும் சேர்ந்துதான் அழுத்தம் ஏறுகிறது. பிள்ளையோ பள்ளிக்குப் போய்வருகிறான், சிரிக்கிறான், பசிக்கிறது என்கிறான். அழற்சி உண்டு, சூடில்லை. கொதிப்பு உண்டு, சினமில்லை.

பெயர்களைப் போலவே நம் பாராட்டுகளும் இந்நோயை மறைக்கின்றன. பருத்த பிள்ளைக்குத் தமிழில் ஐந்து வயது வரை இருப்பவை எல்லாம் கொஞ்சும் சொற்கள்: கொழுகொழு, மொழுமொழு, பூசினாற்போல். அதற்குப்பின் இருப்பவை எல்லாம் ஏச்சுச் சொற்கள்: குண்டன், தடியன், பூசணி. நடுவே, ஒரு தாய் கவலையோடும் மரியாதையோடும் சொல்லத்தக்க சொல் வழக்கில் இல்லை. 'உடற்பருமன்' செய்தித்தாளில் இருக்கிறது. அடுக்களைக்கு இன்னும் வரவில்லை.

கொஞ்சும் சொற்களுக்குக் காரணம் உண்டு. மழை பொய்க்கும் வானம் பார்த்த பூமி இது. 1876 முதல் 1878 வரையிலான தாது வருடப் பஞ்சத்தை அன்றைய மதுரை மாவட்டம் மறக்கவில்லை. திண்டுக்கல் அதிலிருந்து பிரிந்தது 1985-இல்தான். சௌந்திரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் சின்னாளபட்டி அருகே காந்திகிராமத்தைத் தொடங்கிய காலத்தில், மருத்துவரான அம்மையார் முன் வந்து நின்ற கவலை மெலிந்த குழந்தை. பள்ளியில் மதிய உணவு போட்டால்தான் பிள்ளை படிக்கும் என்று ஒரு மாநிலமே முடிவெடுத்தது. அந்நினைவில் வளர்ந்த பாட்டி, கன்னம் உப்பிய பேரனைக் கண்டு நிம்மதி அடைவது இயல்பு.

அந்தப் பசிக்கும் இந்தப் பருமனுக்கும் உடலளவிலேயே உறவு இருக்கக்கூடும். புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாக்னிக் குழுவினர் 2003-இல் காட்டியது இது: இந்தியக் குழந்தைகள் ஐரோப்பியக் குழந்தைகளைவிட எடை குறைந்து பிறந்தாலும், தசை குறைந்து, கொழுப்பு ஒப்பளவில் மிகுந்து பிறக்கின்றன. 'மெலிந்த கொழுத்த குழந்தை' என்று அதற்குப் பெயர். ஆகவேதான் இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம் 2015-இல் வெளியிட்ட அட்டவணையில், எடை மிகுதிக்கான எல்லை பெரியவர்களின் 23-க்கு நிகராகவும், பருமனுக்கானது 27-க்கு நிகராகவும் தாழ்த்தப்பட்டிருக்கிறது. மேலைநாட்டு எல்லைகள் 25, 30. நம் பிள்ளைகள் குறைந்த பருமனிலேயே நோய்ப்படக்கூடும் என்பதே இதன் பொருள்.

மருத்துவர் மாத்திரை தரவில்லை. ஆறு மாதம் பார்ப்போம் என்றார். பையனுக்கென்று தனிச் சமையல் வேண்டாம், வீடு முழுவதும் மாற வேண்டும் என்பது அவர் இட்ட ஒரே கட்டளை. ஊறுகாய், அப்பளம், வத்தல் மூன்றும் தினப்படியிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக்குப் போயின. பள்ளி வேன் இறக்கிவிடும் இடத்திலிருந்த பேக்கரி பப்ஸும் குளிர்பானமும் நின்றன. சீரகச் சம்பா பிரியாணி இல்லாமல் திண்டுக்கல்லில் ஒரு குடும்பம் வாழ முடியாது. அது மாதம் ஒரு முறை, ஒரு தட்டோடு என்று ஒப்பந்தமானது. கடினமாக இருந்தது விளையாட்டுதான். ஐந்து முதல் பதினேழு வயதுவரை நாளுக்கு அறுபது நிமிடம் உடல் அசைய வேண்டும் என்கிறது உலக நல நிறுவனம். பள்ளியிலோ விளையாட்டு வகுப்பைக் கணக்கு வகுப்பு விழுங்கிவிடுகிறது. தெருவில் வண்டிகள். கடைசியில் மாலையில் அவனோடு நடக்கத் தொடங்கியவர், முழங்கால் வலியோடு, அவன் பாட்டிதான்.

அவரிடம் நான் சொன்னது ஒன்றுதான். 2011-இல் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, ஃபின்லாந்து நாடுகளில் 6,328 பேரைக் குழந்தைப் பருவத்திலிருந்து சராசரியாக 23 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வின் முடிவு வந்தது. பருத்த குழந்தையாக இருந்து, பருமனற்ற பெரியவராக வளர்ந்தவர்களுக்கு உயர் அழுத்தமும் நீரிழிவும் வரும் வாய்ப்பு, என்றுமே பருக்காதவர்களுக்கு உள்ள அளவுதான். பெரியவர்களின் குழாயைவிடப் பிள்ளைகளின் குழாய் எளிதில் மீளும். "அப்ப இன்னும் நேரம் இருக்குன்னு சொல்லு" என்றார்.

ஆறு மாதத்தில் எடை பெரிதாகக் குறையவில்லை. ஆனால் உயரம் கூடியது, எடை அங்கேயே நின்றது. வளரும் பிள்ளைக்கு அதுவே நல்ல செய்தி என்றார் மருத்துவர். அழுத்தம் 116/74. இன்னும் எல்லைக்கருகில்தான், மூன்று மாதத்திற்கொரு முறை பார்க்கச் சொல்லியிருக்கிறார். குறட்டை குறைந்திருக்கிறது. உறவினர் ஒருவர் வந்து, "என்னடா, இளைச்சுப் போயிட்ட, அம்மா சோறு போடறதில்லையா?" என்று கேட்டபோது, பையன் தலைகுனிந்தான். பாட்டி மட்டும், "இளைக்கலப்பா, வளர்றான்" என்றார்.