மாலேயில் நெருக்கடி வரும்போது

மாலத்தீவில் அரசியல் கொதித்தால், அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு "வேலையாவது ஒன்றாவது, கிளம்பி வா" என்று ஊரிலிருந்து அறிவுரை பறக்கும். அக்கறைதான், ஆனால் ஆபத்து எங்கே இருக்கிறது என்று தெரியாத அக்கறை. 2018 பிப்ரவரி 1 அன்று எதிர்க்கட்சித் தலைவர்களை விடுவிக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். 5ஆம் தேதி அதிபர் யாமீன் நெருக்கடி நிலையை அறிவித்தார். தலைமை நீதிபதியே கைதானார். போராட்டமும் போலீசும் பெரும்பாலும் தலைநகர் மாலேயோடு நின்றன. தனித்தனித் தீவுகளில் இருக்கும் ரிசார்ட்டுகள் வழக்கம்போல இயங்கின. ஆனால் பயண எச்சரிக்கைகள் வந்ததும் முன்பதிவுகள் ரத்தாகின. அறை காலியானால் சர்வீஸ் சார்ஜில் ஊழியருக்கு வரும் பங்கும் சுருங்கும். கல்லடி படாதவனுக்கும் அடி விழுவது இப்படித்தான்.

"பிழைக்கப் போனவர்களுக்கு அந்நாட்டு அரசியல் எதற்கு?" என்பார்கள். கோஷம் போட வேண்டாம், சரி. சட்டமும் அதை விரும்பாது. ஆனால் 2022 கணக்கெடுப்பின்படி அங்கே வசிப்போரில் நால்வரில் ஒருவர் வெளிநாட்டவர். அவர்களது விசா முதலாளியோடு கட்டப்பட்டது. பாஸ்போர்ட்டையே முதலாளி வாங்கி வைத்துக்கொள்வதும் உண்டு. ஏஜென்டுக்குக் கட்ட வாங்கிய கடன் தீராதவர் எந்தத் துணிவில் கிளம்புவார்? நீதிமன்றமே முடங்கிய நாட்டில் சம்பளப் பாக்கிக்கு யாரிடம் முறையிடுவார்? சுதந்திரத்தை இழப்பவர்கள் உள்ளூர்க்காரர்கள்தான், அந்த வலி பெரிது. அதற்காக மற்றவர் பாடு இல்லையென்றாகாது. எச்சரிக்கை வெளியிடும் அரசுகள் சுற்றுலாப் பயணிகளுக்குச் சொல்வதோடு நிறுத்தாமல், பாஸ்போர்ட்டை மீட்கவும் பாக்கியை வசூலிக்கவும் தொழிலாளிக்கு வழி சொல்லட்டும்.